கை மட்டும் இருக்கட்டும்

ராத்திரி பதினொண்ணே முக்கால். மெயின் ரோட்டுலருந்து பிரிஞ்சு, புதுசா கட்டின அடுக்குமாடி வீடுங்க பக்கம் போற ரோடு. ரெண்டு பக்கமும் காலி மனை. தெருவிளக்குக் கம்பம் வரிசையா நிக்குது... ஒண்ணுலகூட பல்பு இல்ல. ஒரே ஒரு ஸ்கூட்டர் போகுது. ஓட்டறவருக்குப் பின்னாடி சீட்டுல பெரிய ஃப்ரேம் ஒண்ணு. பழைய பேப்பர் சுத்தி, கயிறு போட்டு, அவரு முதுகோட ஒட்டிக் கட்டியிருக்கு.

இருங்க. அந்த எமர்ஜென்சி லைட்டைக் கொஞ்சம் கீழ திருப்புங்க, என் மூஞ்சியிலயே அடிக்குது. கரண்ட் இப்போதைக்கு வராது. மெஷின்ல நாப்பது ஆல்பம் பாதியில நிக்குது, காலைல முதலாளி வந்து நம்மளைத்தான் காய்ச்சுவாரு. காய்ச்சட்டும். தம்பி, நீ கிட்ட வா. பைண்டிங் அண்ணே, சிரிக்கறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சுருங்க. பாத்ரூம் போறவங்களும் இப்பவே போயிட்டு வந்துருங்க, அப்புறம் துணைக்கு நான் வர மாட்டேன்.

இது எனக்கு நடந்ததில்ல. எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில டிசைன் பண்ணிட்டு இருந்தாளே என் தோழி, அவளோட அண்ணனுக்கு நடந்தது. கூடப் பொறந்த அண்ணன் இல்ல, பெரியம்மா பையன். அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ பொய் சொல்ற ஆள் இல்ல.

சரி... அந்த ரோடு.

ஸ்கூட்டர் சத்தத்தைத் தவிர வேற சத்தமே இல்ல. ஃப்ரேம்ல சுத்தின பேப்பர் மட்டும் காத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டே வருது. திடீர்னு அது நின்னுச்சு. காத்து நிக்கல. பேப்பர் மட்டும் நின்னுச்சு... யாரோ உள்ளங்கையை வச்சு அமுக்கின மாதிரி. அப்புறம் இடது தோள்ல ஒரு கனம். கயிறு நழுவிருச்சுன்னு நினைச்சாரு. கயிறு இல்ல. அது அமுக்குச்சு. விரல் விரலா எண்ணலாம். கட்டை விரல் முதுகுப் பக்கம். மூணு விரல் முன்பக்கம். சுண்டு விரல்... அது மட்டும் தோள்ல படவே இல்ல. தனியா தூக்கிட்டு நிக்குது.

மருந்து வாடை அடிச்சுது. ஆஸ்பத்திரி வார்டுல தரை துடைக்கற மருந்து. அதுக்கு அடியில கொஞ்சமா குழந்தைப் பவுடர் வாடை.

உங்கள்ல யாரா இருந்தாலும் வண்டியைப் போட்டுட்டு ஓடியிருப்பீங்க. அவரு ஓடல. வண்டியை ஓரமா நிறுத்திட்டு, அப்படியே உக்காந்து அழுதாரு. ஏன்னா அந்தச் சுண்டு விரல் ஏன் மடங்காதுன்னு அவருக்குத் தெரியும். சின்ன வயசுல விளையாட்டா கதவைச் சாத்தி அதை நசுக்கினதே அவருதான். அது அவரு தங்கச்சி கை. தங்கச்சி செத்துப் பதினாலு மாசம் ஆச்சு.

அந்த ஃப்ரேம்ல என்ன இருந்துச்சுன்னு சொன்னாத்தான் மிச்சம் புரியும்.

அவருக்கு ஒரு ஸ்டுடியோவுல நம்ம வேலைதான். போட்டோவை வெட்டி, ஒட்டி, திருத்தறது. எல்லாரும் அவரை ரப்பர்னு கூப்பிடுவாங்க. என் தோழியும் ரப்பர் அண்ணன்னுதான் சொல்லுவா. ஆளை அழிக்கறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. குரூப் போட்டோவுல நட்ட நடுவுல நிக்கறவங்களை எடுத்துருவாரு. பின்னாடி மறைஞ்சிருந்த ஜன்னல், திரைத்துணி மடிப்பு, சுவத்து விரிசல் எல்லாத்தையும் வரைஞ்சு வச்சிருவாரு. அங்க ஒரு ஆள் இருந்தாங்கன்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க. புருஷன் பொண்டாட்டி பிரிஞ்ச வீடுங்களால மட்டுமே அவருக்கு வருஷம் பூரா வேலை இருந்துச்சு.

கல்யாணம் பண்ணிக்கல. அப்பா அம்மா இல்ல. தங்கச்சி ஒருத்தி. அவளுக்கு ஒரு பொண்ணு, பாப்பா. அவ்வளவுதான் அவரு உலகம். தங்கச்சி ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தா. ராத்திரி எல்லாம் இவருதான் பக்கத்துல. புருஷன்காரரு சாயங்காலம் வந்து அரை மணி நேரம் போனைப் பாத்துட்டுப் போவாரு. அவ போயிட்டா. எட்டாவது மாசம் அந்தப் புருஷன்காரரு மறு கல்யாணம் பண்ணிக்கிட்டாரு.

பண்ணிக்கட்டும், அதைத் தப்புன்னு சொல்ல நான் யாரு? ஆனா கல்யாணம் முடிஞ்ச கையோட, வீட்டுல செத்தவ போட்டோ எல்லாத்தையும் இறக்கிட்டாரு. மச்சானையும் வாசப்படி ஏறக் கூடாதுன்னுட்டாரு.

"உங்க மூஞ்சியப் பாத்தாலே பாப்பா அம்மா எங்கன்னு கேக்குது. பாக்கணும்னா தூரமா நின்னு பாத்துட்டுப் போங்க."

அப்படியே செஞ்சாரு அந்த மனுஷன். பாப்பா படிக்கற ஸ்கூலுக்கு எதிர்ல ஒரு ஜெராக்ஸ் கடை. தினமும் நாலரை மணிக்கு அங்க போய், எதையோ ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் மாதிரி கையில ஒரு தாளை வச்சுக்கிட்டு நிப்பாரு. பாப்பா வெளிய வந்து வேன் ஏறற வரைக்கும் ரெண்டு நிமிஷம். அதுக்காக ஆறு மாசம். மழையில நனைஞ்சுக்கிட்டு நின்ன கதை எல்லாம் சொல்லி என் தோழி அழுவா.

அப்பத்தான் ஒரு நாள் மாப்பிள்ளையே ஸ்டுடியோவுக்கு வந்தாரு. கையில பென் டிரைவ்.

"மச்சான், இதுல அஞ்சு போட்டோ இருக்கு. ஒண்ணாக்கித் தரணும். நான், பாப்பா, இப்ப வந்திருக்கற இவ... மூணு பேரும் ஆரம்பத்துலருந்தே ஒண்ணா இருந்த மாதிரி."

"அப்ப என் தங்கச்சி?"

"பாப்பாவுக்கு அஞ்சரை வயசுதான். சுவத்துல தினமும் இதைப் பாத்தா ரெண்டு வருஷத்துல அவளை மறந்துரும். மறக்கறதுதான் அதுக்கு நல்லது."

"மாப்பிள்ளை, அவ என் கூடப் பொறந்தவ."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். வேற கடையில குடுத்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. முடிச்சுக் குடுங்க... ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து பாப்பாவைப் பாருங்க. மாமான்னே கூப்பிடட்டும். ஊர்ல இருக்கறவன் எல்லாம் மாமாதானே."

செருப்பைக் கழட்டியிருக்கணுமா இல்லையா? நான் கழட்டியிருப்பேன். அவரு கழட்டல. பாப்பாவைக் கிட்டப் போய்ப் பாக்கலாம்ங்கற ஒரே ஆசை. சரின்னுட்டாரு.

செக்யூரிட்டி அண்ணே, டீ குடுக்க வந்து எங்ககிட்ட மாட்டிக்கிட்டீங்க, உங்களுக்காகச் சொல்றேன். பல போட்டோவை ஒண்ணாக்கறதுன்னா, கண்ணாடித் தாளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற மாதிரி. ஒவ்வொரு தாளுக்கும் லேயர்னு பேரு. அடியில பாப்பாவோட ரெண்டாவது பிறந்தநாள் போட்டோ. சோபாவுல பாப்பா, பக்கத்துல அவ அம்மா, அம்மா கை பாப்பா தோள் மேல. அந்தப் போட்டோவுல பாப்பா அழுதுட்டு இருந்துச்சு, அதனால சிரிக்கற முகம் இன்னொரு போட்டோவுலருந்து. அப்பா ஆபீஸ் விழாவுல எடுத்த ஒண்ணுலருந்து. ஜன்னல் வெளிச்சம் ஒண்ணுலருந்து. அம்மா இருக்கற இடத்துல புதுசா வந்தவங்க. அவங்க போட்டோ போன்ல அவங்களே எடுத்துக்கிட்டது.

அம்மாவை மொதல்ல எடுக்கணும். கால்லருந்து ஆரம்பிச்சாரு. அப்புறம் துணி ஓரம். அப்புறம் தலைமுடி, ஒவ்வொரு இழையா. முகத்தைக் கடைசிக்கு வச்சுக்கிட்டாரு. அந்த நேரத்துல கண்ணை மூடிக்கிட்டு மவுஸை ஓட்டினாராம். திறந்து பாத்தா சோபா.

பாப்பா தோள் மேல இருந்த கை மட்டும் பாக்கி.

புதுசா வந்தவங்க தானே போனை நீட்டிப் பிடிச்சு எடுத்த போட்டோ... அதுல கை இல்ல. பாப்பா தோள்லருந்து கையை எடுத்தா சட்டை மடிப்பை எல்லாம் புதுசா வரையணும். வேலை அதிகம்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. வேலை எல்லாம் ஒரு காரணமா? மனசு வரல, அவ்வளவுதான். அவ ஏதோ ஒரு ஓரத்துல பாப்பாவைத் தொட்டுக்கிட்டு இருக்கட்டும்னு நினைச்சாரு. "கை மட்டும் இருக்கட்டும்"னு ஸ்க்ரீனைப் பாத்து வாய்விட்டே சொன்னாராம். நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, மணிக்கட்டுல ஒட்டு தெரியாம புதுசா வந்தவங்களோட சேத்துட்டாரு.

மாப்பிள்ளை வந்து பாத்தாரு. "பிரமாதம் மச்சான், இவ கை மாதிரியே இருக்கு"ன்னாரு. கட்டிக்கிட்டவ கை எப்படி இருக்கும்னு தெரியாத ஆளு. தெரிஞ்சிருந்தா அந்தச் சுண்டு விரலைப் பாத்திருப்பாரு.

"மிச்சத்தை எல்லாம் அழிச்சுருங்க. நான் இருக்கும்போதே."

பின்னாடியே நின்னாரு. இவரு அடுக்கின லேயர் எல்லாத்தையும் ஒண்ணா அமுக்கி ஒரே படமாக்கினாரு. நமக்குத் தெரியும், அதுக்கப்புறம் எதை எங்கருந்து எடுத்தோம்னு பிரிக்கவே முடியாது. பழைய ஃபைல் போச்சு. பென் டிரைவ்ல இருந்தது போச்சு. மாப்பிள்ளை போன்லயும் இவரு போன்லயும் இருந்தது போச்சு. பிரிண்ட் போட்டு வச்சிருந்ததை எல்லாம் மாப்பிள்ளை ஏற்கனவே கிழிச்சாச்சு. ஆக, அந்தப் பொண்ணு உலகத்துல இருந்ததுக்கு மிச்சம்னு பாத்தா... ஒரு கை. அதுவும் இன்னொருத்தி மணிக்கட்டுல.

பாப்பாவும் புதுசா வந்தவங்களும் அவங்க பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாங்க. காலைல திரும்பி வரும்போது சுவத்துல இருக்கணும்னு மாப்பிள்ளைக்கு அவசரம். அதான் அந்த நேரத்துல அந்த ரோடு. தோள்ல இருந்த கையை இவரு தொட்டுப் பாத்தாரு. எதுவும் தட்டுப்படல, ஆனா கனம் இருக்கு. "பாப்பாவைப் பாத்துக்கோம்மா"ன்னாரு. பிடி இறுகிச்சு. அதை அவரு சம்மதம்னு எடுத்துக்கிட்டாரு.

முதல் ஞாயித்துக்கிழமை... அவருக்கு அன்னிக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாப்பா மடியில ஏறி உக்காந்து இறங்கவே இல்ல. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சோர்ந்து போய் வந்து உக்காந்துச்சு. கண்ணுக்குக் கீழ கருப்பு.

"என்னடா, தூங்கலையா?"

"தூங்க விட மாட்டேங்குது மாமா. முதுகுல எழுதுது."

"எது?"

"கை."

முதுகுல எழுதறது அவ அம்மா விளையாட்டு. ராத்திரி பாப்பாவைக் குப்புறப் படுக்க வச்சு, முதுகுல விரலால ஒரு எழுத்து எழுதுவா. பாப்பா அது என்னன்னு சொல்லணும். சொன்னதும் உள்ளங்கையால முதுகைத் தேச்சு அழிச்சுட்டு அடுத்த எழுத்து. நாலு எழுத்துக்குள்ள தூங்கிரும். இந்த வீட்டுல வேற யாருக்கும் அந்த விளையாட்டு தெரியாது.

"என்ன எழுத்து எழுதுது?"

"மொதல்ல அழிக்குது மாமா. ரொம்ப நேரம் அழிக்குது. எரியுது. அப்புறம் யா... ரு... அப்படின்னு எழுதுது. தினமும் அதேதான்."

பாப்பா திரும்பி, சட்டைக் கழுத்தை இழுத்துக் காட்டுச்சு. ரப்பர் போட்டு அழிச்சு அழிச்சு நைஞ்சு போன நோட்டுத் தாள் மாதிரி முதுகுத் தோல் செவந்து உரிஞ்சிருந்துச்சு.

முகம் இருந்தா குழந்தை அழறதைப் பாத்திருக்கும். காது இருந்தா வலிக்குதுன்னு சொன்னது கேட்டிருக்கும். இவரு விட்டு வச்சது கையை மட்டும்தான். அது அழிச்சுக் காட்டுது, யாருன்னு கேக்குது. தன்னை அழிச்சது யாருன்னு கேக்குது.

"நீ என்ன சொன்ன?"

"சத்தமா சொன்னா அதுக்குக் கேக்காது மாமா. கைக்குக் காது இல்லல்ல? அது உள்ளங்கையை விரிச்சுக் காட்டும். அதுல எழுதணும். எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியல."

சமையல் ரூம்ல குக்கர் விசில் அடிச்சுது. மாப்பிள்ளை உள்ள ரூம்ல போன்ல யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிட்டு இருந்தாரு. இவருக்கு ஒரு நிமிஷம் இருந்துச்சு. நான்தான்னு எழுதுன்னு சொல்லியிருக்கலாம். கூடப் பொறந்தவதானே, வந்து என்ன கேக்கணுமோ கேட்டுட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம். அவரு பாப்பா காதுக்கிட்ட குனிஞ்சாரு.

"அப்பான்னு எழுது."

"அப்பாவா?"

"ஆமாண்டா கண்ணு. அப்புறம் கேக்காது."

கேக்கல. அன்னிக்கு ராத்திரியோட பாப்பா நிம்மதியா தூங்குச்சு.

திங்கக்கிழமை காலைல மாப்பிள்ளை போன் அவரு முகத்துக்குத் திறக்கல. மெஷின் கோளாறுன்னு நம்பரைப் போட்டுத் திறந்துக்கிட்டாரு. செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல விரல் வைக்கற மெஷின் சிவப்பு லைட்டு போட்டுச்சு. கையைக் கழுவிட்டு வந்து வச்சாரு. பத்து விரலையும் வச்சாரு. சிவப்பு. புதன்கிழமை ஆபீஸ் வாசல்ல, பத்து வருஷமா சலாம் போடற வாட்ச்மேன், "யாரைப் பாக்கணும் சார்?"னு கேட்டாரு. மாப்பிள்ளை கத்தினாரு. உள்ளருந்து கூட வேலை பாக்கறவங்க வந்து பாத்தாங்க. மரியாதையா உக்கார வச்சுத் தண்ணி குடுத்துட்டு, "சொல்லுங்க, நீங்க யாரு?"ன்னாங்க.

வியாழக்கிழமை மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வந்தாரு.

ரப்பர் அண்ணன் நிமிந்து பாத்தாரு. எதிர்ல ஒரு ஆள். கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் அது அது இடத்துல இருக்கு. கோரமா எல்லாம் இல்ல. ஆனா பார்வையை ஒரு நொடி திருப்பினா, அந்த முகம் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் வரல. மறுபடி பாத்தா மறுபடி புதுசா இருக்கு. சட்டை மட்டும் தெரிஞ்ச சட்டை. குரல் நல்லா தெரிஞ்ச குரல்.

"மச்சான்... நான்தான் மச்சான். ஒருத்தருக்கும் என்னைத் தெரிய மாட்டேங்குது. வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு. நீங்க வந்து இதுதான் என் மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் பழைய போட்டோ ஒண்ணாவது உங்ககிட்ட இருக்கும்ல?"

அழுதாரு. கல்யாணத்தப்போ இவரு போட்டுவிட்ட மோதிரத்தைக் கழட்டி மேஜை மேல வச்சுக் காட்டினாரு.

ரப்பர் அண்ணனுக்கு யாருன்னு நல்லாத் தெரியும். குரல் பொய் சொல்லாது. ஆனா அவருக்கு அந்த நேரத்துல மழையில நின்ன ஜெராக்ஸ் கடை வாசல் ஞாபகம் வந்துச்சாம். மோதிரத்தை அவரு பக்கமே தள்ளி வச்சாரு.

"யாரு சார் நீங்க? பாஸ்போர்ட் சைஸ் எடுக்கணுமா?"

இதை அவரே என் தோழிகிட்டச் சொன்னாரு. சொல்லும்போது லேசா சிரிக்கற சத்தம் கேட்டுச்சாம்.

அன்னிக்கு ராத்திரி மாப்பிள்ளை தன் சாவியைப் போட்டு வீட்டைத் திறந்து உள்ள போனாரு. புதுசா வந்தவங்க ஹால்ல ஒரு அந்நிய ஆள் நிக்கறதைப் பாத்து அலறினாங்க. அக்கம்பக்கம் கூடிருச்சு, அந்தக் கூச்சல்ல குரலை யாரும் கவனிக்கல. "நான்தாண்டி உன் புருஷன், அங்க பாரு, அந்தப் போட்டோவுல இருக்கறது நான்தான்"னு சுவத்தைக் கையைக் காட்டினாரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. போட்டோவுல புதுசா வந்தவங்க, பாப்பா, பாப்பா தோள்ல ஒரு கை. அப்பா உக்காந்திருந்த இடத்துல சோபா. சோபா துணியில பூ வேலைப்பாடுகூட விட்டுப் போகாம வந்திருந்துச்சு. அவ்வளவு சுத்தமான வேலை.

திருடன்னு நினைச்சு அடிச்சாங்க. நல்லா அடிச்சாங்க. மூணாவது நாள் ஆஸ்பத்திரியில செத்தாரு. நாப்பது வயசு மதிக்கத்தக்க ஆண், பேர் தெரியலன்னு எழுதிக்கிட்டாங்க. பொண்டாட்டி வந்து அடையாளம் காட்டல. அவங்க எப்படி வருவாங்க? அவங்க புருஷனைக் காணோம்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வீட்டுல காத்துக்கிட்டு இருந்தாங்க. பாவம், அந்தம்மா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ரெண்டு மாசம் பாத்துட்டு, பாப்பாவைக் கொண்டு வந்து ரப்பர் அண்ணன்கிட்ட விட்டுட்டுப் பிறந்த வீட்டுக்குப் போயிட்டாங்க. பாப்பா அந்த ஃப்ரேமை விட மாட்டேன்னு அழுததால அதையும் குடுத்துட்டாங்க.

பாத்தீங்களா? பாப்பா முழுசா அவருக்குக் கிடைச்சுருச்சு. தலை வாரி விடறது, டிபன் பாக்ஸ் கட்டறது, நாலரை மணிக்கு ஸ்கூல் வாசல்லயே நிக்கறது. ஜெராக்ஸ் கடைக்காரரைப் பாத்தா கையை ஆட்டிச் சிரிப்பாராம்.

ஸ்கூல் விட்டதும் பாப்பா ஸ்டுடியோவுல அவரு பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதும். ஒரு நாள் யாரோ கடற்கரையில எடுத்த போட்டோ வந்துச்சு. பின்னாடி குறுக்க வந்த ஆளை எடுக்கணும். சாதாரண வேலை. அவரு மவுஸைத் தேய்க்க, அந்த ஆளோட கால் போச்சு, சட்டை போச்சு, முகம் போச்சு. பாப்பா பென்சிலை வச்சுட்டுப் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

"மாமா, ஆளுங்களை அழிக்கறது நீதானா?"

அவருக்கு ஏதோ ஞாபகம். வேலை மும்முரம். "ஆமாண்டா கண்ணு, மாமா வேலையே அதான"ன்னுட்டாரு.

சொன்ன அப்புறம்தான் அவரு கை மவுஸ்லயே நின்னுச்சு.

அன்னிக்கு ராத்திரி அவரு தூங்கல. பாப்பா கட்டில்ல குப்புறப் படுத்திருக்கு. இவரு கீழ பாய்ல. ரெண்டு மணி இருக்கும்... மருந்து வாடை வந்துச்சு. அப்புறம் அந்தச் சத்தம். துணி மேல உள்ளங்கை தேய்க்கற சத்தம். சர்ர்... சர்ர்... சர்ர்... நின்னுச்சு. அப்புறம் நகம் கீறற மாதிரி மெல்லிசா. யா... ரு.

எந்திரிக்கணும்னு பாத்தாரு, முடியல. பாப்பா தூக்கத்துலயே கையை நீட்டி, ஒத்தை விரலை எடுத்து, காத்துல ஏதோ ஒரு இடத்துல எழுதுச்சு. தெரு வெளிச்சத்துல அந்தக் குட்டி விரல் போற வழி அவருக்கு நல்லாத் தெரிஞ்சுது.

மா.

இன்னொரு மா.

எழுதி முடிச்சுட்டுப் பாப்பா நல்லா தூங்கிருச்சு.

காலைல பாப்பாவை ஸ்கூல்ல விட்டதும் விடாததுமா ஸ்டுடியோவுக்கு ஓடினாரு. அந்த ஃபைலைத் திறந்து, கையை அழிச்சுரலாம்னு. பெருசு பண்ணி, சுண்டு விரல்ல வச்சுத் தேய்ச்சாரு. விரல் போச்சு. விரலோட சேந்து அடியில பாப்பா தோளும் போச்சு. எல்லா லேயரும் ஒண்ணா அமுங்கிக் கிடக்குதே, எங்க பிரிக்கறது? ஸ்கூல்லருந்து போன் வந்துச்சு... பாப்பா திடீர்னு தோளைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துதுன்னு. பதறிப் போய் அழிச்சதைத் திரும்பக் கொண்டு வந்துட்டாரு. அப்புறம் அந்த ஃபைலை அவரு தொடல.

வெளிய வந்து போனை எடுத்தாரு. முகத்துக்கு நேரா பிடிச்சாரு. அது திறக்கல.

அன்னிக்கு நாலரை மணிக்கு ஸ்கூல் வாசல்ல போய் நின்னாரு. பாப்பா வந்துச்சு, அவரைத் தாண்டிப் போச்சு. கையைப் பிடிச்சாரு. அது நிமிந்து பாத்து, "யாரு நீங்க?"ன்னு கேட்டுச்சு.

பிள்ளை பிடிக்கறவன்னு கூட்டம் கூடிருச்சு. அன்னிக்கு ஒரு அடி. மறு வாரம் இன்னொரு அடி, முன்பல் ரெண்டு போச்சு. இப்ப விடியறதுக்கு முன்னாடி சமைச்சு மூடி வச்சுட்டு, பாப்பா எந்திரிக்கறதுக்குள்ள வெளிய போயிடறாராம். ராத்திரி அது தூங்கினதும் வந்து, வாசல்ல படுத்துக்கறாரு. சாப்பாடு எங்கருந்து வருதுன்னு பாப்பா கேக்கறதே இல்ல. அம்மா செய்யுதுன்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாம்.

என் தோழி எப்படிக் கண்டுபிடிச்சாங்கறீங்களா? ஒரு நாள் யாரோ அவ வீட்டுக் கதவைத் தட்டினாங்க. திறந்தா தெரியாத ஆளு. "மூஞ்சியப் பாக்காதம்மா, திரும்பி நின்னு குரலை மட்டும் கேளு"ன்னு கெஞ்சினாராம். இவ சுவத்தைப் பாத்து நின்னா. அவரு பின்னாடி நின்னு இவ்வளவையும் சொன்னாரு.

மறுநாள் இவளும் அவரு கூடப் போனா. நாலரை மணி. அதே ஜெராக்ஸ் கடை வாசல். அவரு கையில ஒரு வெத்துத் தாளு. "இங்கயே இருக்கேன், நீ போய் அது கையைப் பாரு"ன்னாராம்.

மணி அடிச்சுது. பாப்பா வெளிய வந்துச்சு. ரெண்டு பக்கமும் பாத்துச்சு. இடது கையை மேல தூக்கி, யாரோ பெரியவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கற மாதிரி ரோட்டைத் தாண்டுச்சு. பக்கத்துல யாரும் இல்ல. ஆனா எதிர்ல வந்தவங்க எல்லாம் ரெண்டு பேருக்கு வழி விடற மாதிரி ஒதுங்கினாங்க. கிட்ட வந்தப்போ இவ அந்தத் தூக்கின கையைப் பாத்தா. விரல் எல்லாம் ரத்த ஓட்டம் இல்லாம, வெள்ளை வெளேர்னு ஒண்ணோட ஒண்ணு நசுங்கி இருந்துச்சு.

"வலிக்கலையா கண்ணு?"

"வலிக்குது சித்தி. விட மாட்டேங்குது."

சொல்லிட்டு, பாப்பா இவளுக்குப் பின்னாடி ஜெராக்ஸ் கடைப் பக்கம் பாத்துச்சு.

"அந்த ஆளு யாரு சித்தி? தினமும் என்னையே பாத்துக்கிட்டு நிக்கறாரு."

என் தோழி திரும்பினா. கடை வாசல்ல நாலு பேர் நின்னாங்க. நாலு பேர் கையிலயும் தாளு இருந்துச்சு. அதுல யாரு தன் அண்ணன்னு அவளுக்குத் தெரியல.